ட்ராக் டேக்கு ரோட்டு டயரே போதுமா, தனி செட் வாங்கணுமா?

சும்மா_ஓட்றேன்:
மூணு ட்ராக் டே (சொந்தக் கார ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) முடிச்சாச்சு. முன்வீல் டிரைவ் ஹேட்ச்பேக், என்னையும் சேத்தா ஒரு 1350 கிலோ வரும், சஸ்பென்ஷன்ல கை வைக்கல. டயர் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். போன தடவை நாலாவது செஷன் முடிச்சு இறங்கிப் பாத்தா முன்னாடி ரெண்டு டயரும் வெளி ஓரம் மட்டும் காலி, அழிரப்பர் தூள் மாதிரி சுருண்டு சுருண்டு ஒட்டிட்டு நிக்குது, நடுவுல விரல் வச்சா பட்டன் அப்படியே புதுசா இருக்கு. அதான் ட்ராக்குக்குன்னே தனி செட் எடுத்துரலாமான்னு யோசன. ஹான்குக் ஆர்எஸ்4, யோகோஹாமா ஏ052, இல்ல ஒரேயடியா டோயோ ஆர்888ஆர். எதுக்குப் போலாம்?

பழைய_ஸ்டியரிங்:
எதுக்கும் போக வேணாம் தம்பி. ரோட்டு டயர்னா லிமிட்டுக்கு முன்னாடியே கீச்சுன்னு கத்தும், ஸ்டியரிங் லேசாயிடும், நீ என்ன தப்பு பண்றன்னு காதுலயே சொல்லிரும். ஒட்டுற டயர்ல பிரேக்க லேட்டா பிடிச்சாலும் லைன் தப்புனாலும் அதுவே சமாளிச்சு இழுத்துட்டுப் போயிரும், நீயும் நல்லா ஓட்டுறதா நெனச்சுப்ப, ஆனா விட்டுச்சுன்னா பட்டுன்னு விடும், அதுவும் இன்னும் கூடுதல் ஸ்பீடுல. பட்டுத்தான் சொல்றேன். காலைல மொத செஷன், மொத லேப், செமி ஸ்லிக் (பட்டன் கம்மியான, ட்ராக்குக்கான ஒட்டுற டயர்) இன்னும் சூடாகல, நேத்து போன ஸ்பீடுதானேன்னு ரெண்டாவது கார்னர்ல உள்ள விட்டேன், கார் ஒரு முழு வட்டம் அடிச்சு சரளைல போய் நின்னுச்சு. சுவத்துல படல, அதுல என் சாமர்த்தியம் எதுவும் இல்ல.

ரப்பர்மணி:
அண்ணே, சூடாகாத டயர அழுத்துனது நீங்க, டயர் என்ன பண்ணும்? 4எஸ் ரோட்டுக்கு அருமையான டயர், மழைல நம்பிப் போலாம், இல்லன்னு சொல்லல. ஆனா ட்ரெட்வேர் (தேய்மான நம்பர், ஜாஸ்தின்னா மெல்ல தேயும்) 300, பட்டன் உயரம், சூடாச்சுன்னா அந்தக் கட்டை எல்லாம் நெளிய ஆரம்பிக்கும், நெளிய நெளிய இன்னும் சூடு, நாலஞ்சு லேப்ல சோப்பு தேச்ச மாதிரி ஆயிடும். கத்துக்கிறவனுக்கு லேப்புக்கு லேப் ஒரே மாதிரி நடந்துக்குற டயர்தான் வேணும். இந்த லேப்ல பிடிச்ச கார்னர் அடுத்த லேப்ல வழுக்குனா எத வச்சு கத்துப்பான், தப்பு தன்மேலயா டயர்மேலயான்னே தெரியாதே? ஆர்எஸ்4 சூடாக கொஞ்சம் நேரம் எடுக்கும், அப்புறம் செஷன் முடியுற வரைக்கும் அதே கிரிப்.

டபுள்_டீகிளட்ச்:
ஏ052தான் வேகம்னு எல்லாரும் சொல்றாங்களே? அதுவும் 200தான், அப்ப ஆர்எஸ்4 அளவுக்கு உழைக்கணுமே?

ரப்பர்மணி:
உழைக்காது. அந்த நம்பர டயர் கம்பெனியே டெஸ்ட் பண்ணி கம்பெனியே போட்டுக்குது. ஒப்பிடுற டயருக்கு 100ன்னு வச்சா 200ங்கிறது அதோட ரெண்டு மடங்கு உழைப்பு, கணக்கு அவ்வளவுதான். ஆனா நிறைய அமெச்சூர் போட்டில ரோட்டு டயர் கிளாஸுக்கு குறைஞ்சது 200 இருக்கணும்னு ரூல், அதனால எவ்வளவு மெத்துன்னு இருக்குற ரப்பரா இருந்தாலும் 200ன்னு குத்திர்றாங்க. ஏ052 மொத ரெண்டு லேப் பசை மாதிரி ஒட்டும், அப்புறம் சூடு தாங்காது. ஒரு லேப் டைம் போட்டுட்டு உள்ள வர்றவனுக்கு சரி, 20 நிமிஷம் சுத்துறவனுக்கு ஆகாது.

கேம்பர்காரன்:
இவ்வளவு பேசுறீங்களே, காத்து எவ்வளவுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஓரம் மட்டும் போயி நடு புதுசா இருக்குங்கிறாரு, அது டயர் பிராண்டு பிரச்சினையே இல்ல. காலைல எவ்வளவு வச்சீங்க, செஷன் முடிஞ்ச உடனே எவ்வளவு இருந்துச்சு?

சும்மா_ஓட்றேன்:
சூடானா ஏறும், குறைச்சு வைன்னு அங்க ஒருத்தர் சொன்னாரு. 24 வச்சேன். சூட்டுல பாக்கல, கேஜ் வீட்டுலயே இருந்துருச்சு 🙈

கேம்பர்காரன்:
சரியா போச்சு. ஏறும்ங்கிறது நெசம்தான், உள்ள இருக்குற காத்து அஞ்சாறு டிகிரி சூடானா சுமாரா 1 பிஎஸ்ஐ ஏறும், ட்ராக்ல ஆறிலேந்து ஒன்பது வரைக்கும் சாதாரணமா ஏறும். ஆனா உங்க 24, செஷன் கடைசிலதான் 30 பக்கம் வந்திருக்கும், அதுவரைக்கும் ஒவ்வொரு கார்னர்லயும் சைடுவால் மடங்கி ஓரத்துலயே ஓடியிருக்கீங்க. ஷோல்டர்ல (பட்டனும் சைடுவாலும் சேர்ற ஓரம்) குட்டியா ஒரு முக்கோணம் இருக்கும் பாருங்க (இல்லாத டயரும் உண்டு), அந்த இடத்துல பட்டன்லேந்து சைடுவால் வரைக்கும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ரெண்டு மூணு லேப் ஓட்டிட்டு வாங்க. கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிஞ்சிருந்தா காத்து கம்மி. பட்டன் ஓரத்துலயே அழியாம நின்னா காத்து ஜாஸ்தி. பிட்டுக்கு வந்த உடனே கேஜ் வைங்க, அரட்டை அப்புறம். முன்னாடி சூட்டுல 34, 35ல ஆரம்பிச்சு கோட்டப் பாத்து ஏத்தி இறக்குங்க. இன்னொண்ணு, கம்பெனி செட்டிங்ல முன்னாடி கேம்பர் (வீல் சாயுற கோணம், நெகட்டிவ்னா மேல்பக்கம் உள்ள சாயும்) நெகட்டிவ் 1 டிகிரி கூட இருக்காது பல கார்ல, ட்ராக்குக்கு ரெண்டரை கேக்கும். இப்படியே வச்சுட்டு ஆர்888ஆர் மாட்டுனா கிரிப் கூட, கார் இன்னும் சாயும், அந்த ஓரமும் போயிரும், என்ன, வேகமா போவும்.

பழைய_ஸ்டியரிங்:
கேஜ வீட்டுல விட்டுட்டு வர்றவருக்கு ஆர்888ஆர் 😄 அதோட ஒட்டுற டயர் மாட்டுனா லேட்டா பிரேக் பிடிப்ப, ஸ்பீடு கூடும், அந்தச் சூடெல்லாம் பிரேக்குக்குத்தான் போகும். பழைய பிரேக் ஆயில் கொதிச்சு பெடல் தரைய தொட்டா டயர் பேர சொல்லிக் கூப்பிட்டா நிக்காது.

ரப்பர்மணி:
பிரேக் ஆயில், பேட் எல்லாம் மொதல்ல மாத்தணும், அதுல உங்க கட்சிதான். காத்தும் ஒத்துக்குறேன். ஆனா அவரு இப்ப அந்த ஓரம் போன டயர்லயேதான் ரோட்டுல வீட்டுக்குப் போறாரு, மழை பெஞ்சா? ட்ராக்குக்கு தனி செட் இருந்தா ரோட்டு டயராவது உருப்படியா இருக்கும்ல. ரெண்டு செட் வீல ஏத்திட்டுப் போறது ரோதனைதான், பின் சீட்ட மடக்கிட்டு ஜாக், டார்க் ரெஞ்ச் எல்லாம் திணிச்சா கார் குடோன் மாதிரி ஆயிடும், அத மறைக்க மாட்டேன்.

டபுள்_டீகிளட்ச்:
குறுக்க வர்றேன், ஒருத்தர் பாதி ஓடுன ஆர்888ஆர் செட் தர்றேங்கிறாரு, எடுக்கலாமா?

கேம்பர்காரன்:
சைடுவால்ல நாலு இலக்கம் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம். சூடாகி ஆறி சூடாகி ஆறி ரப்பர் இறுகிப் போயிருந்தா பட்டன் இருக்கும், கிரிப் இருக்காது. நகத்த அழுத்திப் பாருங்க, பிளாஸ்டிக் மாதிரி இருந்தா நன்றி சொல்லிட்டு வந்துருங்க.

சும்மா_ஓட்றேன்:
போயிட்டு வந்தேன். தனி செட் எடுக்கல. முன்னாடிக்கு மட்டும் புது ஜோடி 4எஸ், ஸ்ட்ரட் போல்ட்ல (சஸ்பென்ஷன வீல் பக்கம் பிடிக்கிற போல்ட்) இருந்த இடத்த வச்சு கொஞ்சம் கேம்பர் இழுத்துக் குடுத்தாங்க, பெருசா ஒண்ணும் இல்ல. குளிர்ச்சில 28 வச்சேன். மொத செஷன் முடிஞ்ச உடனே பாத்தா இடது 36, வலது 34. வலது கார்னர் ஜாஸ்தி உள்ள ட்ராக், இடது டயர்தான் பாரம் சுமக்குது, அப்பதான் மண்டைல ஏறுச்சு. இடதுல 2 இறக்குனேன். சாக்பீஸ் கோடு முக்கோண நுனில வந்து நின்னுச்சு, நாள் முழுக்க ஓட்டியும் ஓரம் தப்பிச்சுது. கேம்பர்காரன் அண்ணனுக்கு கும்பிடு 🙏

ரப்பர்மணி:
அதெல்லாம் சரி. ஆறாவது லேப்ல வழுக்குச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு.

சும்மா_ஓட்றேன்:
அஞ்சாவதுலயே.

பழைய_ஸ்டியரிங்:
ஒரு லேப் மெதுவா போய் ஆற விட வேண்டியதுதானே?

சும்மா_ஓட்றேன்:
வேணும்னு போகல. பின்னாடி ஒருத்தர் ரொம்ப நேரமா ஒட்டிட்டே வந்தாரு, வழி விடுறேன்னு மெதுவா போனேன், அதுல தானா ஆறிடுச்சு, அடுத்த லேப்தான் அன்னைக்கு பெஸ்ட்.

ரப்பர்மணி:
அந்த வழி கேட்டவரு கார்ல என்ன டயர்னு பாத்தியா?

சும்மா_ஓட்றேன்:
பிட்ல போய் குனிஞ்சே பாத்தேன். இதே 4எஸ்தான், பட்டன் பாதி தேஞ்சது.