பாங்காக்கில் தனியாக: கால்வாய்ப் படகும் அதில் கிடைத்த மனிதர்களும்

பாங்காக்குக்குத் தனியாகப் போகிறேன், செலவு கையைக் கடிக்கக் கூடாது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது சென் செப் கால்வாய்ப் படகைத்தான். மேலே தூண்களில் ஓடும் பி.டி.எஸ் ரயில் நல்ல வசதி, மறுக்கவில்லை. ஏசி இருக்கும், நேரத்துக்கு வரும். ஆனால் அதில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. படகில் அப்படி இருக்க முடியாது. எதிரில் இன்னொரு படகு வந்தால் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து கயிற்றை இழுத்தாக வேண்டும்.

தாய்லாந்து அரசர் மூன்றாம் ராமர் காலத்தில், 1837-ல், போர்முனைக்குப் படையும் தளவாடமும் கொண்டுபோக வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1990 முதல் இதில் பயணிகள் படகு ஓடுகிறது. மேற்குக் கோடியில் பொன்மலைக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பான்ஃபா துறையில் ஏறினால், பிரதுனாமில் படகு மாறி, ஊரின் கிழக்குப் பக்கம் வரை போகலாம். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, இருபது பாட்டை ஒட்டித்தான் வரும். ஒரு பாட் நம் காசுக்கு இரண்டரை முதல் மூன்று ரூபாய்.

படகு துறையில் அணைந்த கையோடு கிளம்பிவிடும். மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் கால் வைத்து, உள்ளே பலகையில் இறங்க வேண்டும். முதல் தடவை நான் தயங்கி நின்றபோது, அலுவலகச் சீருடையில் இருந்த ஓர் அம்மா என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஓரத்தில் எனக்கு இடம் விட்டதுமே ஒரு கயிற்றையும் கையில் கொடுத்தார். எதற்கென்று புரிவதற்குள் எதிர்ப்படகு வந்துவிட்டது. "இழு, இழு" என்று சைகை காட்டினார். இழுத்ததும் பக்கவாட்டுத் தார்ப்பாய் மேலே ஏறியது, அலை அதில் அறைந்து விழுந்தது. அந்தத் தண்ணீர் முகத்தில் படக் கூடாத தண்ணீர், வாடையே சொல்லிவிடும். டிக்கெட் கொடுப்பவர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பிலேயே நடந்து வருவார். தாழ்வான பாலம் வந்தால் குனிந்துகொண்டே சில்லறை எண்ணுவார். அந்த அம்மா இறங்கும்போது, நான் இறங்க வேண்டிய துறைக்கு இன்னும் எத்தனை நிறுத்தம் என்று விரல் விட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார்.

ஹுவா சாங் பாலத் துறையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜிம் தாம்சன் வீட்டுக்குப் போவார்கள். தாய்லாந்துப் பட்டுத்துணியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர், 1967-ல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமல் போனவர். நான் போக நினைத்தது எதிர்க்கரைக்கு. அங்கே இருக்கிறது பான் குருவா. முதலாம் ராமர் காலத்தில் படையில் இருந்த சாம் இன முஸ்லிம்களுக்கு அரசர் கொடுத்த நிலம். தாம்சனுக்குப் பட்டு நெய்து கொடுத்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள்தான். இப்போது தறி ஓடும் வீடுகள் மிகச் சிலவே.

இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து அது. உள்ளேயிருந்து, தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் சத்தம் வந்தது. நான் ஆரணிக்காரி. தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெரியவர் கையசைத்துக் கூப்பிட்டார். தறிப்பக்கம் போய், நெய்து சுற்றியிருந்த துணியின் ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் யார் துணி பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பார்கள். பெரியவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மகளைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். மகளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். "உங்கள் வீட்டில் தறி இருக்கிறதா என்று அப்பா கேட்கிறார்" என்றார்.

போனில் எங்கள் அப்பாவின் குழித்தறிப் படம் இருந்தது. காட்டினேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவையை விட்டுவிட்டு, நூலை அடித்து நெருக்கும் அச்சும் நீளவாக்கு நூலான பாவும் சேரும் இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அப்பா குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டி, தன் பலகையைத் தட்டி, "இது, அது" என்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஜரிகை என்றால் என்ன என்று சொல்ல எனக்குத்தான் சொல் கிடைக்கவில்லை, என் கம்மலைத் தொட்டுக் காட்டினேன். வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்டு ஒரு சின்னக் கழுத்துத் துணி வாங்கினேன். நெய்தவர் கையிலிருந்தே வாங்குவது எனக்கு முக்கியம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் சைவம். பாங்காக்கில் சைவமாக இருப்பது கஷ்டம் என்பது பாதி உண்மை. காய்கறி மட்டும் போட்ட மாதிரித் தெரியும் வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தோடு 'ஜே' பலகை மாட்டிய கடை என்றால் கவலையில்லாமல் உட்காரலாம். அங்கே இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. ஒரு மாலை, தள்ளுவண்டிக்கார அக்கா ஒருவரிடம், மீன் சாறு வேண்டாம் என்று தாய் மொழியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். படித்தார். வாணலியைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், தலையை ஆட்டி முடியாது என்றார். அவர் பாட்டுக்குச் செய்து கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, என் கையைப் பிடித்து அடுத்த தெரு முனையில் இருந்த ஜே கடை வரை கூட்டிப் போய்விட்டுத் திரும்பினார். அவர் வண்டியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான ஆளும் உண்டு. அரண்மனைப் பக்கம் நடந்தபோது, பளிச்சென்று சட்டை போட்ட ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூஜை நாள், ஆனால் வேறொரு புத்தர் கோயில் இன்று மட்டும் திறந்திருக்கிறது, டுக்டுக் ஆட்டோவில் இருபது பாட் என்றார். வெகுகாலமாக நடக்கும் பழைய வித்தை இது. வண்டி கடைசியில் ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். நன்றி சொல்லிவிட்டு நேரே வாசலுக்கு நடந்தேன், கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அரண்மனைக்கு 500 பாட். பணத்தைப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு வாட் போ கோயிலுக்குப் போனாலும் நிறைவாகவே இருக்கும். அங்கே சாய்ந்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். உள்ளங்காலில் முத்துச்சிப்பி இழைத்த வேலைப்பாட்டை நின்று பாருங்கள். அங்கிருந்து தா தியன் துறைக்கு நடந்தால், சில்லறைக் காசில் ஆற்றைக் கடந்து வாட் அருண் கோயிலுக்குப் போகலாம்.

சீலோம் சாலையில் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1879 வாக்கில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. நான் போன அன்று நம்மவர்கள் ஓரிருவர்தான், மற்றவர்கள் எல்லோரும் தாய் மக்கள். பழத் தட்டும் பூமாலையுமாக வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண் குங்குமத்தை மோதிர விரலால் எடுத்து இட்டுக்கொண்டு, என் கையிலும் கொஞ்சம் வைத்தார். குருக்கள் என்னைப் பார்த்து, "எந்த ஊரும்மா? தனியாவா வந்திருக்கே?" என்றார். நாள் முழுக்கச் சைகையிலேயே பேசிவிட்டு அதைக் கேட்டபோது அழுகை முட்டியது. நவராத்திரி சமயத்தில் போக முடிந்தால் போங்கள். விஜயதசமி அன்று அம்மன் சீலோம் சாலையிலேயே ஊர்வலம் வருகிறாள்.

தங்குவதற்குப் பழைய நகரப் பகுதியில் பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி கிடைக்கும். காற்றோட்டமும் பூட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கவோசான் சாலையிலேயே எடுத்தால் ராத்திரி பாட்டுச் சத்தத்தில் தூக்கம் வராது.

கைக்காசு பற்றி ஒன்று. வெளிநாட்டுக் கார்டில் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாட்டுக்கு மேல் பிடிக்கிறார்கள், ஒரே தடவையாக எடுத்துவிடுங்கள். 2025 மே முதல், தாய்லாந்து போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதையும் நம்பாதீர்கள். கால்வாய்ப் படகு இரவு நெடுநேரம் ஓடாது, சனி ஞாயிறுகளில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். இருட்டிய பிறகு நான் பஸ்ஸில்தான் திரும்பினேன். பஸ் இல்லாத சந்துகளுக்கு ஆரஞ்சு மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் முனையிலேயே இருப்பார்கள். ஏறுவதற்கு முன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள், ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.