பேஸ் கிட்டார் சாம்பிள்: விரலால் வாசித்ததுபோல் கேட்க என்ன வழி?

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. அங்கேயே பாட்டுப் பதிவு செய்கிறேன். பகலில் கணக்காளர் வேலை. பிள்ளை தூங்கிய பிறகு, இரவு பத்தரைக்கு மேல்தான் ஹெட்போனைப் போட முடியும். கிட்டாரும் குரலும் நானே. ரயில் போகாத இடைவெளி பார்த்துக் குரலை எடுத்துவிடுவேன். டிரம்ஸ் சாம்பிள்தான் (உண்மையான வாத்தியத்தின் சத்தங்களைப் பதிந்து வைத்தது), அதில் எனக்குக் குறை இல்லை. பேஸ்தான் உறுத்துகிறது.

எட்டு வருடமாக எனக்குப் பேஸ் வாசித்த கூட்டாளி போன வருடம் குடும்பத்தோடு டொரொன்டோவுக்குப் போய்விட்டான். அவன் இருந்தவரைக்கும் பேஸைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. கோர்ட் (சுரக்கூட்டு) பெயரைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

இப்போது அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பாட்டு செய்கிறேன். ஈ மைனர், நாலு தட்டு, வேகம் நிமிடத்துக்கு 84 தட்டு. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் இரண்டாவது பாடகர் மாதிரிக் கூடவே நடந்து வருமே, அப்படி வேண்டும் என்று ஆசை. கீபோர்டில் உள்ள 'ஃபிங்கர் பேஸ்' சத்தத்தை வைத்துச் செய்தேன். எல்லா நோட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது. கேட்கும்போதே அவன் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி, 40 ஜிபி அளவு இடம், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், கணினிக்கு நோட்டுகளை அனுப்பும் 25 கட்டை மிடி கீபோர்டு. செலவழிக்கக்கூடியது 15,000 ரூபாய். உண்மையான பேஸ் போலக் கேட்கும் சாம்பிள் எது? பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பம்பலப்பிட்டி பீட்

முதலில் காசு கொடுக்காதீர்கள். ஆம்பிள் சவுண்டின் 'ஆம்பிள் பேஸ் பி லைட்' இலவசம். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் எடுத்த சாம்பிள். உங்கள் பாட்டுக்கு அந்தச் சத்தம் பொருந்தும். ஐகே மல்டிமீடியாவின் 'மோடோ பேஸ்' வேறு வகை. அதில் சாம்பிள் கிடையாது, தந்தியின் அசைவைக் கணக்குப் போட்டே சத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் வட்டில் அதிக இடமும் பிடிக்காது. எந்த விரல், தந்தியின் எந்த இடம், தந்தி புதியதா பழையதா என்றெல்லாம் மாற்றலாம். ஸ்பெக்ட்ராசொனிக்ஸின் 'டிரிலியன்' அருமையானது, ஆனால் விலையும் அதிகம், இடமும் சுமார் 34 ஜிபி. உங்கள் 40இல் அது சரிவராது.

நாலுதந்தி, தெஹிவளை

தம்பி, நான் 22 வருடம் ஹோட்டல்களிலும் கல்யாண மேடைகளிலும் பேஸ் வாசித்தவன். விரல் மூட்டு வலி வந்த பிறகு நானும் சாம்பிளில்தான் செய்கிறேன். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மேலே சொன்ன இலவசமே உங்களுக்குப் போதும். உங்களை உறுத்துவது சாம்பிள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோட்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். பேஸ்காரனின் பாதி வேலை சத்தத்தை நிறுத்துவதுதான். இடது விரலைத் தந்தியிலிருந்து லேசாகத் தளர்த்துவோம், அல்லது வலது விரலைத் தந்தியில் வைத்து அணைப்போம். கணினித் திரையில் நோட்டுகளை மவுசால் வரைந்தால் ஒரு நோட்டு அடுத்த நோட்டு வரைக்கும் நீண்டுவிடும், மூச்சு விட இடம் இருக்காது. வேகம் 84 என்றால் ஒரு தட்டு 714 மில்லிசெக்கன், அரைத்தட்டு 357. சரணத்தில் அந்த அரைத்தட்டு நோட்டுகளை 250 அளவில் வெட்டிப் பாருங்கள். ஸ்னேர் டிரம் விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேஸ் அடங்கட்டும். பல்லவியில் மட்டும் முழுதாக நீட்டுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் கூட்டாளியின் கை கொஞ்சம் திரும்பி வரும்.

அடுத்தது கை இருக்கும் இடம். ஏ என்ற நோட்டை ஏ தந்தியைத் திறந்து வைத்தும் வாசிக்கலாம், ஈ தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வாசிக்கலாம். இரண்டும் 55 ஹெர்ட்ஸ்தான். ஆனால் திறந்த தந்தி கணீரென்று நீளும், ஐந்தாம் ஃபிரெட் தடிப்பாக, கொஞ்சம் மங்கலாக வரும். நல்ல சாம்பிள் லைப்ரரிகளில் (தொகுப்புகளில்) எந்தத் தந்தி என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒரு வரியைச் செய்யும்போது கை ஒரே இடத்தில் நாலு ஃபிரெட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கை தாவ வேண்டுமென்றால் அதற்கு நேரம் கொடுங்கள். கீபோர்டில் எட்டாத தூரம் என்று எதுவும் இல்லை, அதனால்தான் கீபோர்டுகாரர்கள் செய்யும் பேஸ் காட்டிக் கொடுத்துவிடுகிறது. நாலு தந்திப் பேஸின் அடி நோட்டு ஈ, 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகாதீர்கள். உங்கள் பாட்டு ஈ மைனர் என்பது அதிர்ஷ்டம், வீட்டு நோட்டே திறந்த தந்தி.

வெலாசிட்டியை, அதாவது ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு பலமாக விழுகிறது என்ற எண்ணை, கண்டபடி கலைத்துவிடாதீர்கள். மனிதர் வாசிப்பதில் ஒழுங்கில்லாத எதுவும் இல்லை. சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று மாறி மாறித்தான் விழும், இரண்டில் ஒன்று கொஞ்சம் பலம் குறைவு. முதல் தட்டு 95, அதற்கடுத்தது 84, அப்படி ஆரம்பியுங்கள். 120ஐத் தாண்டினால் பல லைப்ரரிகளில் தந்தி ஃபிரெட்டில் அடிபடும் சாம்பிள் வந்துவிடும். அம்மாவுக்கான பாட்டில் அது வேண்டாம். ரவுண்ட் ராபின் இருந்தால் நிறுத்திவிடாதீர்கள். ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறொரு பதிவை எடுத்துக் கொடுப்பது அதுதான். 'ஒரே அச்சு' என்று நீங்கள் சொன்னதற்கு நேரான மருந்து.

இளையராஜா பாட்டில் வரும் பேஸைக் கேட்டீர்கள் அல்லவா? ஒரு பாட்டை எடுத்துப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, பேஸ் வரியை மட்டும் வாயால் பாடுங்கள். பாட வராத வரி கையிலும் வராது. குரல் நிற்கும் இடத்தில் பேஸ் நகர்வதையும், குரல் ஓடும் இடத்தில் பேஸ் நிற்பதையும் கவனியுங்கள். பிறகு உங்கள் பாட்டைப் போட்டு, உங்கள் குரலுக்குக் கீழே பேஸைப் பாடி போனில் பதிந்து, அதைக் கீபோர்டில் வாசியுங்கள். மவுசைத் தொடவே வேண்டாம். குவாண்டைஸ் செய்தால், அதாவது நோட்டுகளைக் கணினியை விட்டுத் தட்டுக்கு நேராக இழுத்தால், பாதிதான் செய்யுங்கள்.

இன்னொன்று, சத்தம் புதுத் தந்தி மாதிரிப் பளபளவென்று இருந்தால் மேல் பக்கத்தைக் குறையுங்கள். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் பிரிசிஷன் பேஸில் வழுவழுப்பான ஃபிளாட்வூண்ட் தந்தியைப் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமல், ஒரே ஒரு விரலால் வாசித்தவர். அவ்வளவு பாட்டையும் அந்த மங்கிய சத்தம்தான் தாங்கியது. அவருடைய வாசிப்பைக் கேட்ட பிறகுதான் நான் தந்தி மாற்றுவதையே குறைத்தேன்.

சின்ன அறை, கொட்டாஞ்சேனை

அண்ணை சொன்னதற்கு மேல் வாசிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் மிக்ஸ் செய்பவள், அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு விஷயம்.

அம்மா இந்தப் பாட்டை எதில் கேட்பார்? பெரும்பாலும் போனில், அதுவும் வட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே. போனின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது, அதன் இரட்டிப்பான 82ஐயும் தர முடியாது. அங்கே பேஸ் கேட்பதெல்லாம் மேலே இருக்கும் ஹார்மொனிக்ஸால்தான் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்). அடிச்சுரம் காணாமல் போனாலும் ஹார்மொனிக்ஸ் இருந்தால் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே பேஸ் டிராக்கை இன்னொரு பிரதி எடுத்து, அதற்கு சாச்சுரேஷன் (சத்தத்தை லேசாகக் கரகரக்க வைத்து ஹார்மொனிக்ஸைக் கூட்டுவது) கொடுத்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அசலுக்குக் கீழே மெல்லக் கலந்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் அசிங்கமாக இருக்கும், பயப்பட வேண்டாம். அசல் டிராக்கில் 30க்குக் கீழே வெட்டி, பேஸை மோனோவில் நடுவில் வையுங்கள். கிக் டிரம் எந்த ஹெர்ட்ஸில் தடிக்கிறதோ, அந்த இடத்தில் பேஸை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துவிடுங்கள்.

ஹெட்போனிலேயே முடிவெடுக்காதீர்கள். போனைச் சமையலறையில் ஓடவிட்டு, கூடத்திலிருந்து கேளுங்கள். பேஸ் எங்கே நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அம்மாவுக்கும் தெரியும்.

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

மூன்று இரவு உட்கார்ந்தேன். இலவசமானதைத்தான் போட்டேன், காசு அப்படியே இருக்கிறது. நாலுதந்தி அண்ணை சொன்னபடி முதலில் நோட்டுகளின் நீளத்தை மட்டும் வெட்டினேன், வேறு எதையும் தொடவில்லை. ஸ்னேர் ஒரேயடியாக முன்னால் வந்துவிட்டது! டிரம்ஸில் நான் கையே வைக்கவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் பாடிப் பதிந்து வாசித்தேன். எனக்கு வராத வரிகள் தாமாகவே கழன்று போய்விட்டன. மிஞ்சியதில் பாதிக்குப் பாதி திறந்த ஈ. மூன்றாம் நாள் அக்கா சொன்ன பிரதி டிராக். சமையலறையில் போனை வைத்துக் கேட்டபோது மனைவி எட்டிப் பார்த்து, "அவர் அனுப்பினவரா?" என்று கேட்டாள். டொரொன்டோவில் இருப்பவனைத்தான் சொன்னாள்.

பாட்டை அவனுக்கும் அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றான். ஆனால் இரண்டாவது பல்லவியில் ஒரு இடத்தில் 'இது கைக்கு வராதடா' என்று எழுதியிருந்தான். அடி ஜியிலிருந்து மேலே உள்ள டிக்குத் தாவுகிறேன், இடையில் கால்தட்டுதான். அந்த டி எனக்கு வேண்டும், குரல் அங்கேதான் ஏறுகிறது. என்ன செய்யலாம்?

நாலுதந்தி, தெஹிவளை

அவன் சொன்னது சரி. ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து ஜி தந்தியின் ஏழாம் ஃபிரெட்டுக்குத் தாவுகிறீர்கள். 179 மில்லிசெக்கனில் தாவினாலும் சுத்தமாக விழாது.

இரண்டு வழி இருக்கிறது. கீழேயுள்ள டி போதுமென்றால் ஏ தந்தியின் ஐந்தாம் ஃபிரெட், கை நகரவே வேண்டாம். மேல் டிதான் வேண்டுமென்றால் அடி ஜியைப் பாதியிலேயே வெட்டிவிட்டு, கை போகும் நேரத்தைக் காட்டுங்கள். ஜி தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்டின் சியில் மெல்லத் தொட்டு, அங்கிருந்து ஏழாம் ஃபிரெட்டுக்கு ஸ்லைட். சியின் வெலாசிட்டி 50க்கு மேல் வேண்டாம். டி சரியாகத் தட்டில் விழாமல் 15 மில்லிசெக்கன் பிந்தட்டும்.

மூன்றாம்மாடி, வெள்ளவத்தை

இரண்டாவது வழியைச் செய்து இப்போதுதான் அனுப்பினேன். அங்கே அவனுக்கு மத்தியானம். 'இதைத்தான் நானும் வாசித்திருப்பேன்' என்று பதில் வந்திருக்கிறது. அண்ணைக்கும் அக்காவுக்கும் பம்பலப்பிட்டிக்காரருக்கும் மனம் நிறைந்த நன்றி. குரலில் ஒரு வரி மட்டும் திரும்ப எடுக்க வேண்டும், கடைசி ரயில் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.