டெரிட்டரிக்குச் ‘சரகம்’ சரிவருமா?

வணக்கம்.

ஒரு விற்பனையாளர் பொறுப்பில் விடுகிற பகுதியான ‘சேல்ஸ் டெரிட்டரி’க்குத் தமிழில் என்ன சொல்வது என்று இங்கே நடக்கும் பேச்சில், இதுவரை மண்டலம், வட்டம், எல்லை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நிலப்படத் தரவைப் போட்டு விற்பனைப் பகுதி பிரிக்கிற மென்பொருளைத் தமிழாக்கும்போது மூன்றுமே இடறுகின்றன. ‘வட்டம்’ என்றால், அதே திரையில் பண்ருட்டி வட்டம், குறிஞ்சிப்பாடி வட்டம் என்று வருவாய்த்துறைப் பிரிவும் வந்து நிற்கும். ‘மண்டலம்’ பல டெரிட்டரிகளைச் சேர்த்த மேலடுக்கு. அதை ‘ஜோன்’ என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். ‘எல்லை’ வெறும் கோடு.

நான் முன்வைப்பது ‘சரகம்’. காவல் சரகம், வனச்சரகம் என்னும்போது இடத்தோடு சேர்த்து அது யார் பொறுப்பு என்பதும் வந்துவிடுகிறது. டெரிட்டரியும் அப்படித்தான்: ஆள் மாறினாலோ கடைகள் பெருகினாலோ கோடு நகரும்.

இதற்குத் தனிச்சொல்லே வேண்டுமா, மாவட்டம் வட்டம் என்று இருப்பதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் ஒருமுறை போய்வரட்டும். வில்லியனூரும் அரியூரும் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. வளவனூர் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டுகள் இவை. ஒரே ஆள் பைக்கில் முடித்துவிடுகிற லைன்தான். ஆனால் புதுச்சேரிக் கிடங்கிலிருந்து கண்டமங்கலம் கடைக்குப் பில் போட்டால் மாநிலம் தாண்டிய விற்பனைக்கான வரி, ஐஜிஎஸ்டி. திருபுவனைக் கடைக்கு உள்ளூர் விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். கடையின் ஜிஎஸ்டி எண் ஒரு ஊரில் புதுச்சேரிக்குரிய 34இல் தொடங்கும், அடுத்த ஊரில் தமிழ்நாட்டுக்குரிய 33இல்.

அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அது இன்னும் வேடிக்கை. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், ஆனால் புதுச்சேரி வரிசையில் 605104. பாகூர் புதுச்சேரி, ஆனால் கடலூர் வரிசையில் 607402. 1972இல் தபால் பட்டுவாடாவுக்காக வந்த எண்கள், மாநிலக் கோட்டைப் பார்த்தா நடக்கும்? சரி, மாநிலத்தை வைத்தே வடிகட்டுவோம் என்று ‘புதுச்சேரி’யைத் தேர்ந்தெடுத்தால், காரைக்காலோடு கேரளத்துப் பக்கம் மாஹேயும் ஆந்திரத்துப் பக்கம் ஏனாமும் பைக்கில் போகிற அந்த ஆள் தலையிலேயே விழும்!

சரகம் என்று வைத்துக்கொண்டால் சரகப்படம், சரகப் பிரிப்பு எல்லாம் தானாக வரும். இரண்டு பேர் ஒரே கடைக்குப் போய் நிற்பது ‘சரக மேவல்’. வேலைப்பளுவை ஒப்பாக்குவதற்குச் ‘சரகச் சமன்’ என்று வைத்திருக்கிறேன். ஒரு விற்பனையாளர் ஒரு நாளில் சுற்றிவரும் கடை வரிசையான ‘பீட்’டைத் தொட வேண்டாம், கடைத்தெருவில் அதை ‘லைன்’ என்கிறார்கள், அது போதும்.

---

மறுமொழி, கடலூரிலிருந்து:

தம்பி, காரணமெல்லாம் சரி. காதில் விழும்போதுதான் சிக்கல். புதுச்சேரியில் நின்றுகொண்டு ‘விற்பனைச் சரகம்’ என்றால் பாதிப் பேருக்குச் ‘சரக்கு’ என்றுதான் கேட்கும், அதுவும் விற்பனையோடு சேர்ந்து. ‘புலம்’ எடுத்துக்கொள்ளுங்களேன். புல எண், புலப்படம் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவருக்கும் தெரிந்த சொல்.

---

ஐயா, சரக்கை நான் யோசிக்கவே இல்லை, சிரித்துவிட்டேன்.

‘புலம்’ நல்ல சொல், ஆனால் நமக்கு முன்பே இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். நிலப்படத் தரவில் அது சர்வே எண் உள்ள நிலத்துண்டு. தரவுத்தளத்தில் ‘ஃபீல்ட்’ என்பதற்கும் புலம்தான். பிறகு ‘புலம் என்னும் புலத்தில் புலத்தை உள்ளிடுக’ என்று திரையில் எழுத வேண்டிவரும்.

‘விற்பனை’யைக் கழற்றிவிட்டு ‘முகவர் சரகம்’ என்று வைத்தால் என்ன? காதுக் குழப்பமும் குறையும், பொறுப்பு யாருடையது என்பதும் சொல்லிலேயே இருக்கும். வேறு தடை வராவிட்டால் இதையே மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். ‘சரகச் சமன்’ மட்டும் எனக்கே ஒட்டவில்லை. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.