கணித ஆசிரியர் இல்லாத தவணை: பிழை சம்பளத்திலா, ஆளிலா?

வவுனிக்குளத்தான்:
என் மகன் பத்தாம் ஆண்டு படிக்கிறான். முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் ஒரு சிறிய பாடசாலை, பெயர் வேண்டாம். கணித ஆசிரியர் முதலாம் தவணையின் நடுவில் இடமாற்றம் பெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து கணிதப் பாடவேளையில் பிள்ளைகள் மேசையில் தலைவைத்துக் கிடக்கிறார்கள். அதிபரைக் கேட்டால் வலயக் கல்விப் பணிமனையைக் கேளுங்கள் என்கிறார். வலயத்தைக் கேட்டால் மாகாணம் ஆள் தரவேண்டும் என்கிறது. அடுத்த வருடம் இவன் சாதாரண தரம் எழுதவேண்டும். கணிதத்தில் சித்தியில்லாமல் உயர்தரத்துக்குப் போகும் கதை என்னவாகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்த நேரத்தில் சம்பள முரண்பாட்டுக்காக மறுபடியும் ஆசிரியர் போராட்டம் என்று பேச்சு அடிபடுகிறது. கொரோனாக் காலத்தில், 2021 ஜூலை 12 இல், இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியவர்கள் ஒக்டோபர் பிற்பகுதியில்தான் திரும்பி வந்தார்கள். அதற்கு முன்னர் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற எங்கள் பிள்ளைகளுக்கு அந்த அரைகுறைப் படிப்பும் இல்லாமல் போனது. நெல் விலை விழுந்தால் நான் யாரிடம் போய்ப் பகிஷ்கரிப்பது? அரச சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவர்கள்தான் போராடுகிறார்கள், இரண்டும் இல்லாதவனின் பிள்ளைதான் அதற்கு விலை கொடுக்கிறான். இதற்கு நேரான பதில் வேண்டும்.

ஏ9 பயணி:
ஐயா, உங்கள் மகனுக்கு நடப்பது அநியாயம். அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நான் வலிகாமத்திலிருந்து வன்னிக்கு வந்து கற்பிப்பவள். கோபப்படாமல் என் ஒரு நாளைக் கேளுங்கள்.

மூன்றரைக்கு எழுந்து சமைத்து, ஐந்து மணிக்கு முன் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நிற்கவேண்டும். கொடிகாமம், ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி என்று ஏ9 வீதி முழுவதும் பெரும்பாலும் நின்றுகொண்டே வருகிறோம். மாங்குளத்தில் இறங்கி அடுத்த பஸ். அது தவறினால் முச்சக்கர வண்டிக்குக் கொடுப்பது அன்றைய சம்பளத்தின் பாதி. ஏழரைக்குப் பிந்தினால் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் வீட்டுக்குள் காலை வைக்கும்போது விளக்கேற்றும் நேரம் ஆகிவிடுகிறது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை தானே வளரவில்லை, அவளை அம்மம்மா வளர்க்கிறார். நான் அவளை விழித்த நிலையில் பார்ப்பது சனியும் ஞாயிறும்.

இனிச் சம்பளம். ஆசிரியர், அதிபர் சம்பளம் மற்ற அரச சேவைகளைவிடப் பின்தங்கிய இந்த முரண்பாடு 1997 இலிருந்து தொடர்வது. 2021 போராட்டத்தின் முடிவில், இந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு பரிந்துரைத்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 2022 ஜனவரியில் தந்தார்கள். மீதி இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 இல் கொழும்பு வீதியில் இறங்கிய ஆசிரியர்களுக்குக் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் கிடைத்தன. இடையில் 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதம். கூட்டித் தந்ததை விலைவாசி முன்வாசலிலேயே பறித்துக்கொண்டது. போராடியதால் உங்கள் பிள்ளை இழந்தான் என்கிறீர்கள். போராடாமல் இருந்திருந்தால் அந்த ஒரு பங்கும் வந்திருக்காது.

பாலையடி:
ரீச்சரின் பயணம் கடினம்தான். ஆனால் கேள்வி அதுவல்ல. நான் வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், வயது போனால் அதுதான் என் சொத்து. இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும். ஆசிரியருக்கு அப்படி ஒன்றும் இல்லை. வகுப்பில் கற்பித்தாலும், கதிரையில் சாய்ந்து கைபேசி பார்த்தாலும் ஒரே சம்பளம், ஒரே ஏற்றம். பாடசாலையில் முடிக்காத பாடத்தை மாலையில் காசுக்கு முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். ஏப்ரலில் தொடங்கி 2027 வரை கட்டம் கட்டமாக வருகிறது. ஆசிரியரின் படிநிலையும் அதோடு உயர்கிறது. வரி கட்டுகிறவன் பதிலுக்கு எதைக் கேட்கலாம்? என் யோசனை இது: புதிதாகச் சேர்பவர்களுக்கு நிரந்தர நியமனம் வேண்டாம். ஐந்து வருட ஒப்பந்தம், அதிபரும் பெற்றோரும் மதிப்பிட்டால் புதுப்பிப்பு.

முன்னாள் தொண்டர்:
தம்பி, நிரந்தரம் இல்லாத ஆசிரியர் எப்படி இருப்பார் என்று நீங்கள் கற்பனையில் எழுதுகிறீர்கள். நான் அப்படி வாழ்ந்தவன்.

முகாமிலிருந்து மீள்குடியேறி வந்தபோது எங்கள் பாடசாலைக்குக் கூரை இல்லை. தறப்பாளின் கீழ் கற்பித்தேன். மழை பெய்தால் பிள்ளைகள் கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தார்கள். நியமனம் இல்லை, தொண்டர் ஆசிரியர் என்ற பெயர் மட்டும். பெற்றோர் சேர்த்துத் தந்த சிறு தொகை பஸ் காசுக்குக் கூடப் போதாத மாதங்கள் இருந்தன. வரவுப் பதிவேட்டில் என் பெயரைப் பென்சிலால் எழுதினார்கள், நிரந்தர ஆசிரியர் வந்தால் அழிப்பதற்கு வசதியாக.

ஒவ்வொரு தேர்தலுக்கும் பெயர்ப்பட்டியல் கேட்பார்கள். பைலைத் தூக்கிக்கொண்டு இந்த அரசியல்வாதியின் வாசல், அந்த அதிகாரியின் வாசல் என்று அலைந்தேன். ஒருவரின் கூட்டத்துக்குப் போகாததால் பட்டியலில் இருந்து பெயர் போனது. பாடசாலைக் காணியில் ஒரு துண்டை வெளியார் பிடித்தபோது நிரந்தர ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. உங்கள் ஐந்து வருட ஒப்பந்தம் செய்வது அதைத்தான். நன்றாகக் கற்பிப்பவன் தப்பமாட்டான், நன்றாகக் கும்பிடுகிறவன் தப்புவான்.

பின்னர் எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. ஆனால் சேவைக்காலம் அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்துதான் தொடங்குகிறது. தறப்பாளின் கீழ் போன வருடங்கள் ஓய்வூதியக் கணக்கில் இல்லை.

ஓய்ந்த அதிபர்:
இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காததைச் சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் பல வருடங்கள் அதிபராக இருந்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான்.

பாலையடி, கற்பிக்காத ஆசிரியர்மீது நடவடிக்கை எடுக்கமுடியாது என்பது சரியல்ல. அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதி அதற்காகவே இருக்கிறது. விளக்கம் கோரலாம், குற்றப்பத்திரம் கொடுக்கலாம், முறையான விசாரணை நடத்தலாம், மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழு வரை போகலாம். ஏன் நடப்பதில்லை? கடிதம் எழுதவேண்டிய அதிபருக்கு அந்த ஆசிரியர் போனால் அந்த இடம் வெறுமையாகும் என்ற பயம். அப்படிப் பயந்துகொண்டு நானும் எழுதாமல் விட்ட கடிதங்கள் உண்டு. மோசமான ஆசிரியரைக் காப்பாற்றுவது நிரந்தர நியமனம் அல்ல, ஆள் பற்றாக்குறை.

ரீச்சர், உங்களுக்கும் ஒன்று. சங்கங்கள் சம்பளத்துக்குக் கொழும்பு வரை போகின்றன. ஆனால் வெளிமாவட்டச் சேவையை முடித்தவர் தவணை நடுவில் விடுவிக்கப்படும்போது, பதிலாள் வந்தபின் விடுவியுங்கள் என்று எந்தச் சங்கமும் என் கதவைத் தட்டியதில்லை. உடனே விடுவியுங்கள் என்றுதான் தட்டினார்கள். மகப்பேற்று விடுமுறை முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாட்கள். அது தாயின் உரிமை, அதில் கைவைக்க நான் யார்? ஆனால் அந்த 84 நாட்களுக்கும் பதில் ஆசிரியரை அனுப்பும் முறை வேண்டும் என்று யார் போராடினார்கள்? பட்டணத்துப் பாடசாலையில் ஒருவர் விடுமுறையில் போனால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் பார்த்துக்கொள்வார். இங்கே கணிதத்துக்கு இருப்பதே ஒருவர்.

ஏ9 பயணி:
ஐயா சொன்ன இடமாற்ற விடயம் உண்மை. என் இடமாற்றம் வந்தால் நானும் ஒரு நாள் கூடத் தாமதிக்கமாட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பதிலாள் வரும்வரை இரு என்று சொல்லித் தடுத்து வைக்கப்பட்டவர்கள் மேலும் இரண்டு வருடம் இருந்திருக்கிறார்கள். வாக்குறுதி காப்பாற்றப்படாத இடத்தில் யார் விட்டுக்கொடுப்பார்?

சங்கங்களைப் பற்றியும் ஒன்று. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்து 2021 ஜூலையில் கொழும்பில் நின்ற இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலினையும் மற்றவர்களையும் பிடித்து, தனிமைப்படுத்தல் என்ற பெயரில் எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? இங்கேதான், கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு. சொந்தக் காணிக்காக அந்த ஊர்ச் சனம் வீதியில் இருந்து போராடிய இடம். கொழும்புச் சங்கத்துக்கு வன்னி தெரியாது என்று சொல்பவர்கள் இதை நினைக்கவேண்டும். நிரந்தர வேலை என்ற காப்பு இல்லாவிட்டால் அந்த வாரத்தோடு போராட்டம் முடிந்திருக்கும்.

பாலையடி:
தொண்டர் ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். ஒப்பந்தத்தை அரசியல்வாதியின் கையில் கொடுக்கச் சொல்லவில்லை, ஆனால் அவர் கையில்தான் போய்ச் சேரும் என்பதை மறுக்க முடியவில்லை. அந்த யோசனையை விட்டுவிடுகிறேன். மற்றதை விடமாட்டேன். சம்பளத்தை எல்லோருக்கும் சமமாகக் கூட்டினால் வவுனிக்குளத்துக்கு ஓர் ஆசிரியர் கூட வரமாட்டார். யாழ்ப்பாண நகரத்தில் கற்பிப்பவருக்கும் அதே உயர்வு கிடைக்குமென்றால் அவர் ஏன் இங்கே வரவேண்டும்? கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு ஒரு கண்துடைப்பு. போராடுவதென்றால் அதைப் பல மடங்காக்கப் போராடுங்கள், நானும் வந்து நிற்கிறேன்.

ஓய்ந்த அதிபர்:
இதில் பாலையடியோடு உடன்படுகிறேன். ஆனால் காசு மட்டும் போதாது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி முடித்து வந்தால் முதலில் இங்கேயே நியமிக்கவேண்டும். மல்லாவிப் பிள்ளைக்கு மல்லாவி கஷ்டப் பிரதேசம் அல்ல, வீடு. அப்படி வந்த இருவர் என் பாடசாலையில் நான் ஓய்வுபெறும் வரை இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கணிதம், விஞ்ஞானம் படித்து அவ்வளவு தூரம் போகும் பிள்ளைகள் இங்கே மிகக் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டால் வவுனிக்குளத்தானின் முதல் பதிவுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

வவுனிக்குளத்தான்:
எல்லாவற்றையும் வாசித்தேன். ரீச்சர் மூன்றரைக்கு எழுவது எனக்குத் தெரியாது. நானும் அந்த நேரம்தான் யானை வந்ததா என்று வயலைப் பார்க்க எழுகிறேன். ஆனாலும் பரீட்சை வருடத்தில் வகுப்பை நிறுத்துவதை என்னால் ஏற்கமுடியாது. அதில் மாற்றம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். எங்கள் பாடசாலை வளவில் ஆசிரியர் விடுதி ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இரண்டு அறை. யுத்தத்துக்குப் பின் கட்டியது, ஒருவரும் தங்கவில்லை. பெற்றோர் சேர்ந்து திருத்திக் கொடுத்தால் கிழமை நாட்களில் தங்க ஒருவர் வருவாரா?

ஏ9 பயணி:
வருவார்கள் அண்ணா. எனக்குத் தெரிந்த இருவர் பயணம் தாங்காமல் வாடகை அறை தேடுகிறார்கள், ஒருவர் கணிதம். ஆனால் பெண்கள். ஏன் அந்த விடுதியில் ஒருவரும் தங்கவில்லை என்று யாராவது கேட்டீர்களா? கழிவறை வீட்டுக்குள்ளா, வளவின் மூலையிலா? இரவில் வளவுக்குள் யார் இருப்பார்? அறைக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா?

வவுனிக்குளத்தான்:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கழிவறை வெளியே, மூலையில். வெளிச்சம் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆவணியில் வற்றும். அறைக்கதவு இரண்டுக்கும் உள்ளே தாழ்ப்பாள் இல்லை, வெளியே மட்டும் கொண்டி. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். அந்தக் கணித ரீச்சரிடம் பேசிவிட்டு இங்கே எழுதுங்கள்.