நினைவு நாணயத் தொகுப்புகளின் விலையேற்றம்: இப்போது வாங்கலாமா?

கீழக்கரைவாசி:
அனைவருக்கும் வணக்கம். வளைகுடா வேலையிலிருந்து விடுப்பில் ஊர் வந்திருக்கிறேன். என் மாமா விட்டுச்சென்ற பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள் பலவும், பெயர் தெரியாத செப்புக் காசுகள் சிலவும் இருக்கின்றன. நான் சேர்ந்துள்ள வாட்ஸ்அப் ஏலக் குழுவிலோ, அரசு நாணயச்சாலைகள் வெளியிட்ட நினைவு நாணயத் தொகுப்புகள் சில மாதங்களிலேயே இரட்டிப்பு விலைக்குப் போகின்றன. குறைவாக அடிக்கப்பட்டவை என்பதால் இவை இனி இறங்கவே இறங்காது என்று குழுவை நடத்துபவர் உறுதியாகச் சொல்கிறார். வெள்ளி ரூபாய்களை விற்று, அந்தப் பணத்தில் தொகுப்புகளை வாங்கி வைக்கலாமா? இத்தகைய ஏற்றம் திரும்பப்போவதை முன்கூட்டியே அறிய ஏதேனும் வழி உண்டா?

சேதுச்சீமை (இராமநாதபுரம்):
அவசரப்பட்டு விற்க வேண்டாம் தம்பி. முதலில் ரூபாய்களை ஆண்டுவாரியாகப் பிரித்துவிடுங்கள். ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், 1939 வரை அடித்தவற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 10.7 கிராம் அளவுக்கு வெள்ளி உண்டு. 1940 முதல் 1945 வரை வந்தவற்றில் பாதிதான் வெள்ளி. 1947இல் நிக்கல் வந்துவிட்டது. தேய்ந்த, பரவலாகக் கிடைக்கும் ரூபாயை வியாபாரி வெள்ளிக் கணக்கில்தான் எடுப்பார். ஆகவே அதற்கு ஒரு அடிவிலை இருக்கிறது. அந்த அடிவிலையும் ஆடக்கூடியதே என்பதை மறுக்கவில்லை: 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டி ஏறிய வெள்ளி, மார்ச் இறுதிக்குள் 11 டாலர் அளவுக்கு விழுந்தது. 1939 என்ற ஆண்டு கண்ணில் பட்டால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அது உண்மையிலேயே அபூர்வம். அதனாலேயே ஆண்டைத் திருத்திய போலிகளும் அதில் உலவுகின்றன.

தொண்டித்துறை:
குறைவாக அடிக்கப்பட்டது என்ற வாதத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலை 1950இல் ஐந்து சென்ட் நாணயத்தை 26 இலட்சம் அளவுக்கே அடித்தது. முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் உருவம் கொண்ட அந்த வரிசையில் புழக்கத்துக்கென வந்தவற்றுள் அதுவே மிகக் குறைவு. செய்தி உடனே பரவியதால், மக்கள் அதை, வங்கி காகிதத்தில் சுற்றித் தரும் சுருளைப் பிரிக்காமலே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சுருள்களின் விலை ஏறிக்கொண்டே போய், 1964 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு சரிந்தது. அடித்தது குறைவுதான், ஆனால் புழங்கித் தேய்ந்து அழிந்தது ஏறக்குறைய எதுவுமில்லை; விற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியபோது, வாங்குவதற்குப் புதிதாக ஆள் இல்லை. நீங்கள் சொல்லும் தொகுப்புகளின் நிலையும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலுக்காக 2010ஆம் ஆண்டு பொறித்து வந்த ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயத்தை எவராவது மளிகைக் கடையில் கொடுத்திருப்பார்களா? அத்தனையும் உறை கலையாமல் அலமாரிகளில்தான் இருக்கின்றன.

பழமையும் தனியாக விலை தராது. இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழையது. தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், தேய்ந்தது சில நூறு ரூபாய்க்கே கிடைத்துவிடுகிறது.

விலை இறக்கத்துக்குத் திரும்பும் காலத்தைக் கணிப்பது கடினம், ஆனால் வாங்குவோர் யார் என்று பார்த்தால் ஓரளவு தெரியும். அமெரிக்காவில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய, நாணயத்தின் தரத்துக்குச் சான்றளித்து உறையிட்டுத் தரும் நிறுவனங்கள் தொடங்கியபின், நாணயத்தைக் கண்ணால் பாராமலே வாங்க முடிந்தது. முதலீட்டுப் பணம் உள்ளே புகுந்து, 1989இல் விலை உச்சிக்குப் போய், அடுத்த சில ஆண்டுகளில் பெருமளவு கரைந்தது. உங்கள் குழுவில் வாங்குகிறவர்கள் ஆல்பத்தில் வைக்க வாங்குகிறார்களா, அடுத்த ஏலத்தில் தள்ளிவிட வாங்குகிறார்களா? அதே பெயர்கள் ஒருவருக்கொருவர் ஏலம் கேட்டு விலையேற்றுவதை நான் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன்.

பாம்பன்கரை:
செப்புக் காசுகள் பற்றி ஒரு சொல். காளை உருவமும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள காசை, இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காசு என்று சொல்லி, ஊர்ப்பற்றையே விலையாக்கி விற்கிறார்கள். அவற்றை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டதாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மற்றொன்று, திரும்பிப் போகும்போது பெட்டியைக் கையோடு கொண்டுசெல்ல எண்ணாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருளாகிவிடுகிறது. ஐந்தாம் ஜார்ஜின் தொடக்க கால ரூபாய்கள் இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

கீழக்கரைவாசி:
எல்லோருக்கும் நன்றி. தொண்டிக் காக்கா (அண்ணன்) எழுதியதைப் படித்தபின், குழுவை நடத்துபவரிடம், சென்ற வாரம் நீங்கள் விற்ற அதே தொகுப்பு என்னிடம் இருந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். தாம் திரும்ப வாங்குவதில்லை என்றும், வேண்டுமானால் அடுத்த ஏலத்தில் சேர்க்கலாம் என்றும் பதில் வந்தது.

தொண்டித்துறை:
அதே கேள்வியை, அந்தக் குழுவோடு தொடர்பில்லாத மதுரை வியாபாரிகள் இருவரிடமும் கேளுங்கள். அவர்கள் கையில் ரொக்கமாகத் தரச் சம்மதிக்கும் தொகைதான் அந்தத் தொகுப்பின் இன்றைய விலை.