மூன்றாவது கியரும் அம்மாவின் சாக்கும்

குழு: ஆனைமலை ரோட்டு வீடு

வியாழன்

அப்பா: வால்பாறையிலிருந்து இறங்கிவிட்டோம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன். கியரில் ஏதோ சத்தம். பயப்பட ஒன்றுமில்லை.

அம்மா: ஒன்றுமில்லையாம். இருபத்தைந்தாவது வளைவிலிருந்து ஒரு கையால் கியரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டீயரிங் ஒடித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவது வளைவில், அணை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள் என்றேன், காதில் வாங்கவில்லை.

அக்கா: கியரை எதற்கு அப்பா பிடிக்க வேண்டும்?

அப்பா: மூன்றாவது போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும் கண்ணு, டக்கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. அந்த இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பிரேக் தாங்குமா. அதனால் பிடித்தேன். கடைசியில் இரண்டாவதிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன்.

சித்தப்பா: அண்ணா, கியர் ராடை அமுக்கிப் பிடித்தால் உள்ளே கியரைத் தள்ளுகிற ஃபோர்க் தேயும். நழுவுகிற கியர் பெட்டிக்கு அது இன்னொரு அடி. இரண்டாவதில் வந்ததுதான் சரி. இப்போது ஒன்று பாருங்க. நியூட்ரலில் வைத்து வண்டியைச் சும்மா ஓடவிடுங்க. கிளட்சை மிதிக்காமல் ஒரு தரம் கேளுங்க, மிதித்து ஒரு தரம் கேளுங்க.

அப்பா: மிதிக்காமல் இருந்தால் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஊ என்கிறது. மிதித்தால் நின்றுவிடுகிறது.

சித்தப்பா: போச்சு. இன்புட் ஷாஃப்ட் பேரிங், இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுவருகிற தண்டைத் தாங்குவது. மிதித்தால் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், கிளட்ச் வேலையோடு முடிந்தது என்று நிம்மதியாக இருக்கலாம். இது பெட்டிக்குள். இனி ஒரு அடி ஓட்டாதீங்க, டோ வண்டி கூப்பிடுங்க. முன் சக்கரம் இரண்டையும் தூக்கிக் கட்டச் சொல்லுங்க, நம்முடையது முன் சக்கர டிரைவ்.

நான்: டோ வண்டிக்குப் பேசிவிட்டேன் அப்பா, அரை மணி நேரத்தில் வருவார்கள். அம்மாவை ஏதாவது பஸ்ஸில் ஏற்றிவிடுங்க.

அம்மா: நான் வண்டியோடுதான் வருவேன்.

சித்தப்பா: அண்ணி, வீட்டில் வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டுகிறதா?

அம்மா: சொட்டுகிறதாவா. பொங்கலிலிருந்து வாசலில் கோலம் போட முடியவில்லை. எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்ப்பது. அப்புறம் வண்டிக்கு அடியில் ஒரு சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். நாற்றம் வேறு, அழுகின முட்டை மாதிரி.

சித்தப்பா: அந்த நாற்றம் கியர் ஆயில். இன்ஜின் ஆயில் அப்படி நாறாது. அண்ணா, சாக்கைப் பார்த்தீங்களா இல்லையா?

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: அப்பா!!

வெள்ளி

நான்: நிலவரம் சொல்கிறேன், எல்லோரும் படித்துவிட்டுப் பேசுங்க. காலையில் வண்டியை முதலில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் பெட்டியைத் திறந்து வேலை பார்ப்பதில்லையாம், முழு கியர்பாக்ஸையே மாற்றுவார்களாம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 92,000, ஆர்டர் போட்டு வருவதற்குப் பத்து நாள். அங்கிருந்து நம் ஊர் மெக்கானிக்கிடம் இறக்கிவிட்டேன். அவர் திறந்து பார்க்காமல் விலை சொல்ல மாட்டேன் என்கிறார், 20இலிருந்து 40க்குள் எங்கேயும் நிற்கலாம் என்றார். கோவை உக்கடத்தில் ஒருவர் அதே மாடல் பழைய கியர்பாக்ஸ் 16,000க்கு இருக்கிறது, இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்க என்கிறார். இது போக, டோ வண்டிக்காரருடன் வந்த புரோக்கர் இருக்கிற நிலையில் வண்டியையே 95,000க்குக் கேட்டார், அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

அப்பா: படித்துவிட்டேன்.

மச்சான்: மாமா, நான் சொல்வதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. 2012 வண்டி. அடுத்த ஆகஸ்டில் ஆர்சிக்கு 15 வருடம் முடிகிறது. எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், அதற்கு முன்னால் டயர், பெயின்ட் என்று எல்லாம் வரும். 92,000 போடுகிற விலையா இந்த வண்டி? ஓடுகிற நிலையில் விற்றாலே இரண்டு லட்சம் வந்தால் பெரிது. இன்சூரன்ஸில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டீர்களா?

நான்: கேட்டேன் மச்சான். தேய்மானம் விபத்து இல்லை, பைசா வராது. கல்லில் அடித்து ஆயில் கொட்டி அதனால் பெட்டி போனாலும்கூட இன்ஜின், கியர்பாக்ஸுக்கு என்று தனியாகக் கூடுதல் பணம் கட்டி ஆட்‑ஆன் எடுத்திருந்தால்தான் பேச்சே.

அத்தை: பத்து வருடத்துக்கு மேல் டீசல் வண்டியை அரசாங்கமே பிடித்து நொறுக்கப் போகிறதாம். பார்த்துச் செய்யுங்க. [பலமுறை பகிரப்பட்டது]

அக்கா: அத்தை, அது டெல்லி வட்டாரத்துக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. பொள்ளாச்சிக்கு இல்லை.

அத்தை: சரி கண்ணு. வந்ததை அனுப்பினேன்.

சித்தப்பா: மாப்பிள்ளை சொல்கிற கணக்கில் தப்பில்லை. 92,000 என்கிற பேச்சை விட்டுவிடுவோம். ஆனால் 16,000க்குக் கிடைக்கிறது என்று உக்கடத்துக்கும் ஓட வேண்டாம். விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றியதா, நம்முடையது மாதிரி ஆயில் இல்லாமல் ஓடிச் செத்ததா என்று வெளியே பார்த்தால் தெரியாது. நன்றாகக் கழுவி வைத்திருப்பார்கள். போனால் மூன்று பார்க்கணும். மவுன்டிங் காது விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருக்கிறதா, இன்புட் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டினால் லொடலொட என்கிறதா, ஐந்து கியரும் ரிவர்ஸும் கையால் போட்டுச் சுற்றினால் எங்காவது பிடிக்கிறதா. அப்புறம் பல் எண்ணிக்கை. ஒரே மாடல் என்பார்கள், பெட்ரோல் வண்டியின் பெட்டியாக இருக்கும், கடைசி ரேஷியோ, அதாவது பல் விகிதம், வேறாக இருக்கும். மாட்டி ஓட்டினால்தான் தெரியும்.

மச்சான்: சித்தப்பா, சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் நான் போய்ப் பார்க்கட்டுமா? எழும்பூர் வழியாகத்தான் தினமும் போகிறேன். வாரண்டி ஏதாவது கொடுப்பார்களா?

சித்தப்பா: செக்கிங் வாரண்டி கொடுப்பார்கள். மாட்டிப் பார்த்துச் சத்தம் வந்தால் வேறு பெட்டி தருவார்கள். இறக்கி ஏற்றுகிற கூலி யார் தலையில்?

மச்சான்: நம் தலையில்.

நான்: பழைய பெட்டி மாட்டினால் ஆர்டிஓவில் எதுவும் எழுத வேண்டுமா?

சித்தப்பா: வேண்டாம். ஆர்சியில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர்தான். இன்ஜின் மாற்றினால்தான் போய் நிற்கணும்.

அக்கா: அப்பா எதுவுமே சொல்லவில்லையே. அப்பா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அப்பா: திறந்து பார்க்கட்டும். திறக்காமல் என்ன பேச்சு.

சனி

நான்: பெட்டி இறக்கியாயிற்று. சித்தப்பாவும் வந்துவிட்டார். எண்ணெய் வடிக்கிற டிரெய்ன் பிளக்கைக் கழற்றியபோது கீழே வைத்த டப்பாவில் விழுந்தது அரை லிட்டர்கூட இல்லை, இரண்டு லிட்டருக்குப் பக்கம் இருக்க வேண்டியது. கறுப்பாக, உள்ளே மினுமினு என்று, அம்மா கோலத்துக்கு வாங்குகிற ஜிகினாப் பொடி கலந்த மாதிரி.

[புகைப்படம்]

அம்மா: இது என்ன, முள்ளம்பன்றி மாதிரி?

நான்: பிளக் முனையில் காந்தம் இருக்கும் அம்மா. அதில் ஒட்டியது. விழுது மாதிரி மெல்லிய தூள் என்றால் எல்லா வண்டியிலும் இருப்பதுதானாம். இதில் நீளநீளமாகச் செதில் நிற்கிறது. அதில் ஒன்று கியர் பல்லின் முனை என்கிறார் சித்தப்பா.

[புகைப்படம்]

நான்: இது மூன்றாவது கியரின் சின்க்ரோ ரிங், கியர் விழும்போது வேகத்தைச் சமன் செய்கிற வளையம். பித்தளை. பல் கூராக இருக்க வேண்டும், இது சீப்பைத் தரையில் தேய்த்த மாதிரி மழுங்கியிருக்கிறது. ரிங்கை கியர்மேல் வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு சந்து தெரியணும், சித்தப்பா சந்து அளக்கிற ஃபீலர் கேஜ் எடுத்தார், மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. பக்கத்தில் இருக்கிற கியரின் சின்னப் பற்களும் உருண்டையாகிவிட்டன, கியரோடு கோர்க்கிற ஸ்லீவ் அதைப் பிடித்து நிற்க முடியாமல்தான் நழுவியிருக்கிறது. பேரிங் நீலம் பாரித்துக் கிடக்கிறது, சூட்டில் வெந்தது.

அக்கா: அப்படியானால் எல்லாம் போச்சா?

சித்தப்பா: அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறேன். பேரிங் வெந்தது கவலை இல்லை, புதிது போடலாம். பேரிங்கின் வெளி வளையம் காஸிங்குக்குள், பெட்டியின் கூட்டுக்குள், சுற்றியிருந்தால்தான் ஆபத்து. அலுமினியம், குழி பெரிதாகிவிடும், புதுப் பேரிங் போட்டாலும் உட்காராது, ஆறு மாதத்தில் மறுபடி இதே ஊ. அப்படி இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன், ரிப்பேர் வேண்டாம், பழைய பெட்டி தேடுவோம். டீசல் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்க்கிறேன், பொறுங்க.

அப்பா: தம்பி, டிஃபரன்ஷியல் பல்லையும் பார்.

நான்: (அப்பா பட்டறைக்கே வந்துவிட்டார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரவில்லை.)

சித்தப்பா: பார்த்தாயிற்று. காஸிங் குழி நன்றாக இருக்கிறது, கீறல் இல்லை. புதுப் பேரிங் தட்டித்தான் இறங்கும். டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பல்லில் பழுது ஒன்றும் இல்லை. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து நான்கும் நல்ல நிலை. எண்ணெய் குறைந்ததும் சூடு முதலில் ஏறியது இந்தப் பேரிங்கில். ஷாஃப்ட் ஆடியது, ஆட்டத்தில் மூன்றாவது தின்னப்பட்டது. ஆரம்பம் எது தெரியுமா? வலது பக்க ஆக்ஸில் ஆயில் சீல். ரப்பர் வளையம். காய்ந்து வெடித்திருக்கிறது.

அக்கா: அதன் விலை?

சித்தப்பா: 220.

அம்மா: பொங்கலிலிருந்து சாக்கு விரித்தேன்.

நான்: மெக்கானிக் எழுதிக் கொடுத்த கணக்கு. பேரிங் செட் 6,400. மூன்றாவது கியர், ஹப் ஸ்லீவ், சின்க்ரோ ரிங் சேர்த்து 9,800. ஃபோர்க் 1,450. சீல் எல்லாம், பேஸ்ட் 1,250. கியர் ஆயில் 1,100. கிளட்ச் செட் 7,500. கூலி 8,000. மொத்தம் 35,500.

மச்சான்: கிளட்ச் எதற்கு? அது கெடவில்லையே.

சித்தப்பா: பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது மாப்பிள்ளை. இப்போது பெட்டி கீழே கிடக்கிறது, கூலி ஏற்கெனவே கொடுக்கிறோம். அடுத்த வருடம் கிளட்சுக்கு என்று மறுபடி இறக்கினால் அதே கூலி இன்னொரு தரம்.

மச்சான்: சரி. அப்படியானால் உக்கடம் கணக்கிலும் கிளட்சைச் சேர்க்கணும். 16,000, கிளட்ச் 7,500, சீல் 1,250, ஆயில் 1,100, கூலி இறக்கி ஏற்ற மட்டும் 4,500. 30,350 வருகிறது.

நான்: ஐயாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம்.

மச்சான்: அந்த ஐயாயிரத்துக்கு யாரோ ஓட்டிய பெட்டியை நம்பி வால்பாறை ஏற முடியாது. இதிலாவது உள்ளே என்ன இருக்கிறது என்று போட்டோ இருக்கிறது. நான் விற்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் உடைந்த பெட்டியோடு விற்றால் 95,000, சரி செய்து விற்றால் இரண்டு லட்சத்துக்குப் பக்கம். விற்பதாக இருந்தாலும் செய்துவிட்டுத்தான் விற்கணும். மாமா, செய்துவிடுங்க. ஆகஸ்டில் எஃப்சி வரும்போது உட்கார்ந்து பேசலாம்.

அக்கா: காலையில் இவர்தான் புதுக் காருக்கு இஎம்ஐ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா: செய்யச் சொல்லியாயிற்று. அட்வான்ஸ் 15,000 கொடுத்துவிட்டேன்.

அக்கா: எப்போது?

அப்பா: தம்பி குழி நன்றாக இருக்கிறது என்றதும்.

திங்கள்

சித்தப்பா: ஒரு விஷயம். மெக்கானிக் பீப்பாயிலிருந்து 90 நம்பர் ஆயிலை ஊற்றப் போனார், அதன் தரம் ஜிஎல்‑5. நிறுத்திவிட்டேன். கையேட்டில் ஜிஎல்‑4 என்று போட்டிருக்கிறது. ஜிஎல்‑5இல் கந்தகச் சேர்மானம் அதிகம், பித்தளை ரிங்கை அரிக்கும் என்பார்கள். ரிங் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும், கியர் விழும்போது கரகர என்று வரும். எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தாங்க சார், இத்தனை வருடமாக ஊற்றுகிறேன் என்றார். பஸ் டிப்போவில் நானும் இத்தனை வருடம் ஊற்றினேன் தம்பி, அது ஒரு கியருக்கு இரண்டு தரம் கிளட்ச் மிதித்து, டபுள் கிளட்ச் போட்டு ஓட்டிய பஸ், இது வேறு என்றேன். பையனைக் கோயமுத்தூரிலிருந்து சரியான டின் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

நான்: கையில்தான் இருக்கிறது சித்தப்பா. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறேன்.

புதன்

அப்பா: வண்டி வந்துவிட்டது. ஆனைமலை வரை போய் வந்தோம். மூன்றாவதில் காலை எடுத்து எடுத்துப் பார்த்தேன், நழுவவில்லை. நியூட்ரலில் சத்தம் இல்லை. புது ரிங் என்பதால் கொஞ்சம் இறுக்கமாக விழுகிறது.

சித்தப்பா: கொஞ்ச நாள் அப்படித்தான். மலை ஏறாதீங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஆயிலை ஒரு தரம் வடித்துக் காந்தத்தைப் பார்ப்போம்.

அப்பா: ஞாயிறு வால்பாறையில் மறுவீட்டு விருந்து இருக்கிறதே.

சித்தப்பா: பஸ்.

அக்கா: பஸ்.

மச்சான்: பஸ்தான் மாமா.

அப்பா: சரி.

அம்மா: பழைய சாக்கைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று வெள்ளையாகப் பார்த்து அடியில் விரித்திருக்கிறேன். இன்றைக்குச் சொட்டு இல்லை. இன்னும் மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.