சிறைக்குள் படித்தவர்கள், எழுதியவர்கள்: உங்கள் அனுபவப் பகிர்வு

நெய்தல்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். சிறையில் படிக்கப்பட்ட, எழுதப்பட்ட நூல்களை நேரில் எதிர்கொண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் ஆண்டு பணி நிமித்தம் லண்டனில் இருந்தபோது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஷேக்ஸ்பியர் குறித்து நடந்த கண்காட்சிக்குச் சென்றேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கால் ஓய்ந்த நிலையில் கடைசிப் பேழைக்கு வந்தால், அதில் பழைய ஷேக்ஸ்பியர் தொகுதி ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. எந்தப் பழைய புத்தகக் கடையிலும் கிடைக்கக்கூடிய சாதாரண அச்சுப் பதிப்புதான். ஆனால், 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் கோழைகள் சாவதற்கு முன்பே பலமுறை சாகிறார்கள் என்று சீசர் பேசும் இடத்தின் ஓரத்தில், பேனாவால் நெல்சன் மண்டேலாவின் கையெழுத்தும் 16-12-77 என்ற தேதியும் இருந்தன.

அந்த நூலின் சொந்தக்காரர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சன்னி வெங்கடரத்னம். நிறவெறி அரசு அவரை 1972 முதல் 1978 வரை சிறையில் வைத்திருந்தது. கேப் டவுனுக்கு அருகே கடலில் உள்ள ராபன் தீவுச் சிறையில் காவலர்கள் இந்நூலைப் பறித்துப் பூட்டி வைத்துவிட, அது தம்முடைய வேதப்புத்தகம் என்று சொல்லி அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறுபடியும் பறிபோகாமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை வெட்டி மேலட்டை முழுவதும் ஒட்டினார். சாமி படங்களைக் கண்ட காவலர்கள் அதன்பின் அதைத் தொடவில்லை. விடுதலைக்குச் சற்று முன்பு, மண்டேலா உள்ளிட்ட தலைவர்கள் அடைக்கப்பட்டிருந்த தனியறைப் பகுதிக்கு அந்நூலை ரகசியமாக அனுப்பி, ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த வரிகளின் அருகே கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 16 என்ற தேதிதான் என்னைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தது. 1838இல் இரத்த ஆற்றுப் போரில் சூலு என்னும் கறுப்பின மக்களை வென்றதை ஆப்பிரிக்கானர்கள் எனப்படும் அந்நாட்டு வெள்ளையர்கள் அந்நாளில்தான் கொண்டாடி வந்தார்கள். 1961இல் மண்டேலாவின் தோழர்கள் ஆயுதப் போராட்ட அமைப்பைத் தொடங்கியதும் அதே நாளில்தான். புத்தகம் அன்றைக்குத்தான் அவர் கைக்கு வந்ததோ, நாள் பார்த்துத்தான் கையெழுத்திட்டாரோ, அது வேறு விஷயம். அந்தத் தேதியை எழுதும்போது அதன் பொருள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பழம்புத்தகன்:

நெய்தல்வாசி அவர்கள் லண்டனில் கண்டதன் மறுபாதியை நான் கேப் டவுனில் கண்டேன். ராபன் தீவுக்குப் படகில் சென்று இறங்கினால், சிறைக்கூடத்துக்குள் நம்மை அழைத்துச் செல்பவர்கள் அங்கேயே அடைபட்டுக் கிடந்த முன்னாள் அரசியல் கைதிகள்தாம். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியவர் அதிகம் பேசாத மனிதர். கடிதங்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வெகுநேரம் பேசினார்.

தொடக்கத்தில், கடைநிலைப் பிரிவில் வைக்கப்பட்ட கைதி ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு கடிதம் எழுதலாம், ஒன்றைப் பெறலாம். அதுவும் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும், 500 சொற்களுக்குள். தணிக்கையாளர்கள் முதலில் ஆட்சேபத்துக்குரிய வரிகளை மையால் அடித்தார்கள். மையைக் கழுவிவிட்டு அடியில் இருப்பதைப் படிக்கலாம் என்பது தெரிய வந்ததும், சவர பிளேடால் அந்த இடங்களையே அறுத்து எடுக்கத் தொடங்கினார்கள். காகிதத்தின் இரு பக்கமும் எழுதியிருப்பார்கள் அல்லவா? ஒரு பக்கத்தில் அரசியல் செய்தி இருந்தது என்பதற்காக, மறுபக்கத்தில் பிள்ளையின் படிப்பைப் பற்றி மனைவி எழுதியிருந்ததும் சேர்ந்தே போய்விடும். சில கடிதங்கள் கந்தல் துணிபோல வந்து சேரும் என்று கையால் காட்டினார்.

புத்தகத் தணிக்கையின் இலட்சணத்தை மண்டேலாவே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். தலைப்பில் 'சிவப்பு' என்ற சொல் இருந்தால் குழந்தைக் கதை ஆனாலும் அனுமதி இல்லை. 'போர்' என்ற சொல் இருந்தால் செவ்வாய் கிரகவாசிகள் படையெடுக்கும் கற்பனைக் கதைக்கும் தடைதான். அட்டையைப் பார்த்து முடிவு செய்யும் இவர்களிடம் வெங்கடரத்னத்தின் தீபாவளி அட்டைகள் செல்லுபடியானதில் வியப்பில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தத் தன்வரலாறு உருவான விதத்தை. 1994இல் அச்சில் வந்த அந்நூலின் முதல் வடிவத்தை மண்டேலா 1970களின் நடுவில் தீவிலேயே எழுதினார். உடல் சரியில்லை என்று சொல்லி வேலைக்குச் செல்லாமல் பகலில் உறங்கி, இரவெல்லாம் எழுதினார். மறுநாள் அந்தப் பக்கங்கள் சக கைதிகளான அகமது கத்ராடாவிடமும் வால்டர் சிசுலுவிடமும் சென்று, அவர்களுடைய கருத்துகளோடு திரும்பின. பிறகு வேறு இரு கைதிகளான மேக் மகாராஜும் லாலு சிபாவும் அவற்றை எறும்பெழுத்தில் படியெடுத்தார்கள். பத்துப் பக்கம் ஒரு சிறு தாளில் அடங்கியதாம். 1976இல் விடுதலையான மகாராஜ் அந்தப் படியைக் குறிப்பேடுகளின் அட்டைக்குள் மறைத்து வெளியே கொண்டுவந்தார்.

மூலப்படியைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, காலியான கோகோ டப்பாக்களில் அடைத்து முற்றத்துத் தோட்டத்தில் மூன்று இடங்களில் புதைத்திருந்தார்கள். பின்னர் ஒரு நாள் காலை, அதே இடத்தில் சுவர் எழுப்புவதற்காகக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் வந்து நின்றார்கள். இரண்டை அவசரமாகத் தோண்டியெடுத்து அழிக்க முடிந்தது, மூன்றாவது அகப்பட்டுவிட்டது. ஓரக் குறிப்புகளின் கையெழுத்தே சாட்சியாகிவிட, மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் நான்கு ஆண்டுகள் படிப்பு உரிமை பறிக்கப்பட்டது. அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படித்து வந்தவர்களுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை வேறு இல்லை. முற்றத்தில் வழிகாட்டி அந்தப் பகுதியைக் காட்டினார்; ஒரு திராட்சைக் கொடியும் சுவரும் இருந்தன, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

சிறை இலக்கியம் என்றாலே தனியறையில் ஒருவர் தனியே தவமிருந்து எழுதுவதாகத்தான் நாம் எண்ணுகிறோம். இந்த ஒரு நூலுக்குப் பின்னால் எத்தனை கைகள் என்று எண்ணிப் பாருங்கள். படித்துத் திருத்தியவரும் படியெடுத்தவரும் புதைத்தவரும் கடத்தியவரும் இல்லையென்றால், எழுதியவரால் மட்டும் என்ன செய்திருக்க முடியும்?

கொங்கன்:

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் வைத்திருக்கும் செக்கைப் பார்த்திருப்பீர்கள். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக வ.உ.சிதம்பரனாரைப் பூட்டி இழுக்கவைத்த செக்கு அது. பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே போனபோது, ஒரு மாணவி செக்கின் உலக்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதை இழுத்துவிட்டு ராத்திரி எப்படி ஐயா எழுதினார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளிவந்தார். அந்தக் காலத்தில்தான் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' ஆகியவையும் சிறையில் பிறந்தவையே. 'மெய்யறம்' முழுவதும் ஓரடி வரிகள், அதிகாரத்துக்குப் பத்து. குறளில் ஊறியவர் என்பதால் அமைந்த வடிவம் என்பார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: வேலை செய்துகொண்டே மனத்தில் கட்டி, மனத்திலேயே சேமித்து வைக்க ஓரடியைவிட வசதியான வடிவம் ஏது? இது என் ஊகம்தான், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பக்கத்துவீட்டான்:

நான் பெரிதாக எதையும் பார்த்ததில்லை. 2023ஆம் ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையினர் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றார்கள். நான் கொண்டுபோன பையில் தன்னம்பிக்கை நூல்கள்தாம் நிறைய. அங்கிருந்த ஊழியர் அவற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டு, சரித்திர நாவல், துப்பறியும் கதை, போட்டித் தேர்வு வழிகாட்டி இருந்தால் அடுத்த முறை கொடுங்கள், தன்னம்பிக்கை ஏற்கெனவே மலைபோல் குவிந்துவிட்டது என்றார்.

நெய்தல்வாசி அவர்களுக்கு ஒரு கேள்வி. அந்த ஷேக்ஸ்பியர் தொகுதியில் மற்றவர்கள் எந்த வரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்?

நெய்தல்வாசி:

வால்டர் சிசுலு, 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் தன் இனத்தார் பொறுமையோடு தாங்கும் இழிவைப் பற்றி ஷைலாக் பேசும் பகுதியில் கையொப்பமிட்டார். 20 ஆண்டுகள் அத்தீவில் கழித்த, டர்பன் தொழிற்சங்கத் தலைவர் பில்லி நாயர் எடுத்துக்கொண்டது 'சூறாவளி' நாடகத்தில் அடிமை காலிபன் எஜமானரிடம் இந்தத் தீவு என்னுடையது என்று முழங்கும் இடம். தீவுச் சிறையில் இருந்தவர் வேறு எதைத் தேர்ந்திருப்பார்! அங்கே அடைபட்டிருந்த இன்னொரு தலைவரான கோவன் எம்பெக்கி மட்டும் அரசியலின் பக்கமே போகவில்லை. இசைதான் காதலின் உணவென்றால் வாசித்துக்கொண்டே இரு என்று தொடங்கும் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் முதல் வரிகளில் அவர் பெயர் இருக்கிறது. எனக்குப் பிடித்த தேர்வு அதுதான்.